ராகு காலத்துக்கு முன்னால் வாங்கிய கார்

1

நாளையோடு என் மகன் கார் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. போன வருடம் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் விடலை போட்டு, கூட நின்று கைதட்டினேன். அதே காரை மூன்று வாரத்துக்கு முன்னால், அவன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, கையுறை மாட்டிக்கொண்டு துடைத்து எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பெற்ற பிள்ளையின் காரைத் திருட்டுத்தனமாகச் சோதித்தவன் எழுதுகிற குறிப்பு இது. ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்க வேண்டுமானால் முதலில் என் தொழிலைச் சொல்ல வேண்டும்.

கோவில்பட்டியில் என் அண்ணன், நான் நியூசிலாந்தில் சுகாதாரத்துறையில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார். அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே அப்படியே அச்சாகிவிட்டது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. முதல் தடவை கேட்டபோது, "வீடு கழுவுகிறேன்" என்றுதான் சொன்னேன். அவர், இதற்காகவா எம்.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு பிளேன் ஏறினாய் என்று கேட்டார். அதன் பிறகு அவரே எனக்கு ஓர் உத்தியோகம் போட்டுக் கொடுத்துவிட்டார்.

உண்மையான உத்தியோகம் இது. இங்கே மெத்தம்ஃபெட்டமின் என்று ஒரு போதைப்பொருள் உண்டு. இங்குள்ளவர்கள் பேச்சில் அதற்கு ஒரே எழுத்து: 'பி'. அதைப் புகைத்தால் புகை சுவரில் படியும், கூரையில் படியும், திரைச்சீலைக்குள் போகும், காரின் சீட்டுக்குள் இறங்கும். கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலும் வாசனையும் இருக்காது. புகைத்தவன் காலி செய்துவிட்டுப் போன பிறகும் அது அங்கேயே இருக்கும். அடுத்து வருகிறவர்களின் குழந்தை அந்தச் சுவரைத் தடவி விரலை வாயில் வைக்கும். எனவே வீடோ காரோ கை மாறும்போது எங்களைக் கூப்பிடுவார்கள். உள்ளங்கை அளவு இடத்தில் திரவத்தில் நனைத்த துணியால் குறுக்கும் நெடுக்கும் துடைத்து, குழாயில் போட்டு மூடி, கையுறையை மாற்றி, அடுத்த இடத்துக்குப் போவேன். ஆய்வகம் எண் சொல்லும். எண் அதிகமாக இருந்தால் வேறொரு குழு வந்து கூரையில் ஆரம்பித்துத் தரை வரைக்கும் மூன்று தடவை கழுவும். முதலில் நான் அந்தக் குழுவில்தான் இருந்தேன். சோதிக்கிறவன் கழுவக் கூடாது, கழுவுகிறவன் சோதிக்கக் கூடாது. இந்தத் தொழிலில் அது கற்பு மாதிரி.

2

ஒன்பது வருடமாக இந்த வேலை. பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்வேன். சும்மா சொல்வதுதான்.

போன குளிர்காலத்தில் ஒரு வீடு. சின்ன அறை, கூரையில் இருட்டில் ஒளிரும் நட்சத்திர ஸ்டிக்கர்கள். வாடகைக்கு வந்து ஐந்து மாதம் ஆன ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு கதவருகில் நின்றாள். ஏணியில் ஏறி இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே துடைத்தேன். அந்தக் கூரையில் வந்த எண் அந்த வீட்டிலேயே பெரியது. அறிக்கையை வாங்கிக்கொண்டு அவள் கேட்டது ஒன்றுதான்: இது யார் செய்தது? எனக்கு முன்னால் இருந்தவர்களா, என்னோடு இருந்துவிட்டுப் போன என் தம்பியா? எங்கள் அறிக்கையில் இடம் இருக்கும், அளவு இருக்கும், 'யார்' என்று ஒரு கட்டம் கிடையாது என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம்கூட இல்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன்.

அதனால்தான் குடி வருவதற்கு முன்னால் சோதியுங்கள், சாவி வாங்குவதற்கு முன்னால் சோதியுங்கள் என்று தொண்டை வற்றக் கத்துகிறோம். முன்னால் ஓர் எண் இருந்தால்தான் பின்னால் வருகிற எண்ணுக்கு அர்த்தம். இங்குள்ள தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் மைக் பிடித்து இதைப் பேசியிருக்கிறேன். பொங்கல் பானை பொங்குகிற நேரத்தில் இந்த ஆள் ஏன் போதைமருந்தைப் பற்றிப் பேசுகிறார் என்று பின்வரிசையில் முணுமுணுத்தார்கள். நான் விடவில்லை.

என் அப்பா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து கலக்குகிற அறையில் இருந்தார். வீட்டுக்கு வந்ததும் எங்களைக் கிட்டே விடமாட்டார். நேரே பின்பக்கம் போய், உடுத்திய துணியை வாளித் தண்ணீரில் அமுக்கி, முழங்கை வரை தேய்த்துக் கழுவி, வேறு வேட்டி கட்டிக்கொண்ட பிறகுதான் தங்கச்சியைத் தூக்குவார். அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு. கராஜிலேயே பூட்ஸைக் கழற்றி, உடுப்பை மாற்றி, குளித்துவிட்டுத்தான் அடுக்களைக்குள் நுழைவேன். வெளியில் இருப்பது வீட்டுக்குள் வராது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

3

என் மகன் பெயர் கதிர். பத்தொன்பது வயது. பிறந்தது இங்கே, ஆக்லாந்தில். வீட்டில் தமிழ் பேசுவான். அது நாங்கள் பேசுகிற கோவில்பட்டித் தமிழ் என்பது அவனுக்குத் தெரியாது. தமிழே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, சென்னைக்காரப் பிள்ளைகளிடம் "என்ன செய்யுதிய" என்று கேட்டு அவர்களைச் சிரிக்க வைப்பான். பதினைந்து வயதுக்குப் பிறகு அதுவும் குறைந்தது. கேட்டால் பதில், கேட்காவிட்டால் கதவு.

இரண்டு மாதமாக அவனிடம் ஒரு மாற்றம். கன்னம் ஒட்டிவிட்டது. சில நாள் விடிய விடிய விளக்கு எரிகிறது, சில நாள் பகல் முழுக்கத் தூக்கம். பல்லைக் கடிக்கிறான், எதிரில் உட்கார்ந்திருக்கும்போது தாடை அசைவது தெரிகிறது. அண்ணன் அனுப்புகிற கடலைமிட்டாய்ப் பொட்டலம் எப்போதும் ஒரே உட்காரலில் காலியாகிவிடும், இந்தத் தடவை பிரிக்காமல் கிடந்தது. காரை வீட்டு முன்னால் நிறுத்தாமல் தெருக்கோடியில் நிறுத்த ஆரம்பித்தான். அம்மாவை அதில் ஏற்றுவதையும் நிறுத்திவிட்டான்.

வேறொரு அப்பாவாக இருந்தால் காதல் என்று நினைத்திருப்பார், பரீட்சை என்று நினைத்திருப்பார். நான் பார்க்கிற வேலை என்னை அப்படி நினைக்க விடவில்லை. நான் போகிற வீடுகளின் சொந்தக்காரர்கள் சொல்கிற அடையாளங்கள் எல்லாம் இவைதான். அவர்கள் சொல்லும்போது தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வேன். இப்போது என் சாப்பாட்டு மேசையில் அதே அடையாளங்கள் உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தன.

அவனிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் நம்பவா, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்ய? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை அவன் பஸ்ஸில் கல்லூரி போன பிறகு உதிரிச் சாவியை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போனேன். ஸ்டீரிங், காற்று வருகிற துளை, கூரைத் துணி, ஓட்டுநர் பக்கத்து சீட் பெல்ட். நான்கு குழாய்.

ஆய்வகப் படிவத்தில் ஒரு கேள்வி: மாதிரி எடுப்பவருக்கும் சொத்தின் உரிமையாளருக்கும் உறவு ஏதும் உண்டா? இல்லை என்று கட்டத்தில் டிக் போட்டேன். ஒன்பது வருடத்தில் நான் எழுதிய முதல் பொய் அது.

4

முடிவு வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் வேலைக்குப் போனேன், வந்தேன், அவன் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன். வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வந்தது. நான்கில் மூன்றில் இருக்கிறது. எண் சிறியதுதான். வேறு யாருடைய காராக இருந்தாலும், கவலைப்படாதீர்கள், ஒரு தடவை கழுவினால் போதும் என்று சொல்லியிருப்பேன்.

நான் கவலைப்பட்டது எண்ணைப் பற்றி இல்லை. போன வருடம் கார் வாங்கிய அன்று எடுத்த எண் எங்கே என்று தேடப் போனேன். தேடத் தேவையே இல்லை. அன்று நான் எடுக்கவே இல்லை.

அது பழைய கார், மூன்று கை மாறியது. வாங்குவதற்கு முன் சோதிக்கத்தான் திட்டம். சோதனைப் பை வேனில் தயாராக இருந்தது. ஆனால் அன்று சனிக்கிழமை, ஒன்பது மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும். நியூசிலாந்தில் வாங்குகிற காருக்கு எந்த ஊர் ராகு காலம் என்று முந்தின வாரமே ஒரு விவாதம் நடந்தது. சூரியன் எங்கே நிற்கிறதோ அங்கே உள்ள ராகு காலம்தான் என்று அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மணியாச்சி ரயில்வே ஸ்டேஷனில் முப்பது வருடம் வண்டிகளுக்கு நேரம் பார்த்தவர். நேர விஷயத்தில் அவரிடம் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. விற்பவர் கடையைத் திறந்ததே எட்டரைக்கு. உரிமை மாற்றப் படிவம், முகவரிச் சான்று, லைசென்ஸ் நகல் என்று ஒவ்வொன்றாக எட்டு ஐம்பது ஆகிவிட்டது. பட்டுப்புடவையில் எலுமிச்சம்பழத்தோடு நின்ற என் மனைவி செல்வி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அண்ணன் ஊரில் தூங்காமல் முழித்திருந்து வீடியோவில், சாவிய வாங்குல, சாவிய வாங்குல என்று சொல்லிக்கொண்டிருந்தார். சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் என்னிடம் இல்லை.

நான் பெரிய பக்திமான் இல்லை. சாமி கும்பிட மறந்திருக்கிறேன், ராகு காலத்தை மறந்தது கிடையாது. ஊருக்கெல்லாம் மைக் பிடித்து உபதேசம் பண்ணியவன், என் பிள்ளையின் காரைச் சோதிக்காமல் எட்டு ஐம்பத்தைந்துக்கு ஓட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஊரான் வீட்டுக்கு உபதேசம், தன் வீட்டுக்கு ராகு காலம்.

இதில் இன்னொன்றும் உண்டு. போன பிப்ரவரியில் என் வேன் பழுதாகி இரண்டு நாள் கதிரின் காரில்தான் வேலைக்குப் போனேன். பூட்ஸோடு ஏறினேனா, கழற்றிவிட்டு ஏறினேனா? ஞாபகம் இல்லை. மழை பெய்த கரிசலில் நடந்தவன் கால் கழுவாமல் வந்தால் வீடெல்லாம் மண் அப்புகிற மாதிரி, நானே கொண்டுவந்து அப்பியிருக்கலாம். பழைய உரிமையாளர்களில் ஒருவர், நான், என் மகன். மூன்று பேரில் ஒருவர். நானாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வாரம் பூஜை அறையில் நின்று, இது என் பூட்ஸில் வந்ததாக இருக்கட்டும் என்று வேண்டினேன்.

5

செல்வியிடம் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "வாங்குன அன்னைக்கே தொடைச்சிருக்கலாம்லா" என்றாள். அப்புறம் அவளே, நானும்தானே அவசரப்படுத்தினேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் நறுக்க ஆரம்பித்தாள். எட்டயபுரத்துப் பக்கத்துக் கிராமத்துக்காரி. மழை பொய்த்தாலும் சரி, பெய்து கெடுத்தாலும் சரி, கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டுத்தான் உட்காருகிற ஜனம்.

அண்ணனிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது. சுகாதாரத்துறை அதிகாரியின் மகன் என்று ஊரில் பேர். ஒரு மணி நேரம் விளக்கினேன். எந்த இடத்தில் எவ்வளவு இருந்தால் என்ன அர்த்தம், கூரையில் குறைவாகவும் பெல்ட்டில் கூடுதலாகவும் இருந்தால் என்ன அர்த்தம், இப்போது கழுவி ஒரு மாதம் கழித்து மறுபடி துடைத்தால் உண்மை தெரிந்துவிடும் என்றெல்லாம் சொன்னேன். அண்ணன் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"ஏலே," என்றார். "பிள்ளைட்ட கேட்டியா?"

இல்லை என்றேன்.

"அவன்ட்ட கேக்காம காருட்ட எதுக்குல கேட்டுக்கிட்டு இருக்க?"

போனை வைத்துவிட்டேன். கோபம் வந்தது. ஏழாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு பேசுவது சுலபம் என்று முனகினேன். அவர் சொன்னது சரி என்பதால்தான் அத்தனை கோபம்.

6

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கதிருக்கு நான்கு மணிக்கு சூப்பர் மார்க்கெட்டில் வேலை. அன்று அதிசயமாகக் காரை வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தான். சாவியைப் போடப் போகிற நேரத்தில் நான் மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். வண்டியை எடுக்காதே என்றேன். அவன் ஸ்டீரிங்கில் கை வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தொழில்காரனைப் போலவே ஆரம்பித்தேன். இந்தக் காரைத் துடைத்து லேபுக்கு அனுப்பினேன் என்றேன்.

"தெரியும்," என்றான். "அன்னைக்கே தெரியும். பெல்ட்ல உங்க வேலை வாசம் வந்துச்சு."

எனக்கு முகம் சுட்டது. இத்தனை நாளும் நான் அவனை வேவு பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் தெரிந்தே என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான்.

இருந்ததா என்று கேட்டான். கொஞ்சம் இருந்தது என்றேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்தது ஆச்சரியம், நடிப்பு இல்லை. எத்தனையோ வீட்டுக்காரர்களின் முகத்தைப் பார்த்தவன் நான், அந்த ஆச்சரியம் எனக்குத் தெரியும்.

"கார்ல இல்லப்பா," என்றான்.

எனக்கு மூச்சு வந்தது. அப்படியானால் பழைய ஆள்தான், இல்லாவிட்டால் என் பூட்ஸ்தான். வாயைத் திறந்து அதைச் சொல்லவும் போனேன். அதற்குள் அவன் சொன்னது எனக்கு உறைத்துவிட்டது. காரில் இல்லை என்றுதான் சொன்னான். இல்லவே இல்லை என்று சொல்லவில்லை.

எங்கே என்று கேட்டேன். கூடப் படிக்கிற ஒருவனின் அறையில் என்றான். பரீட்சைக்கு முழித்திருக்கலாம் என்று கொடுத்தார்களாம். மூன்று தடவை. காரில் ஏறினால் உங்களுக்குத் தெரிந்துவிடும் என்று, அந்த நாட்களில் காரையே தொடவில்லை, பஸ்ஸில்தான் வந்தேன், காரைத் தெருக்கோடியில் நிறுத்தியதும் அம்மாவை ஏற்றாததும் அந்தப் பயத்தில்தான் என்றான். எல்லாவற்றையும் முன்னால் பார்த்தபடியே, பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னான். அழுகை வருகிற இடத்தில் ஆங்கிலத்துக்குப் போனான்.

என் சந்தேகம் சரி, ஆய்வகம் காட்டிய சாட்சி மட்டும் தப்பு. காரில் இருந்தது அவனுடையது இல்லை. அது யாருடையது என்று எனக்கு இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை, தெரிந்து ஆகவேண்டியதும் எதுவும் இல்லை.

"ரெண்டு மாசமா பாத்துக்கிட்டே இருந்தேன்," என்றான். "நீங்க கேப்பீங்க, சொல்லிரலாம்னு. நீங்க கேக்கவே இல்ல."

நான் அவன் தோளில் கை வைத்தேன். எலும்பு தட்டுப்பட்டது. இனிமேல் கேட்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அன்று அவன் வேலைக்குப் போகவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய் செல்வியின் முன்னால் உட்கார வைத்தேன். அவனே அவளிடம் சொன்னான். அவள் அவன் தலையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத மாட்டேன்.

இப்போது வாரம் ஒருநாள் ஓர் ஆலோசகரிடம் போகிறான். நான் ஓட்டிக்கொண்டு போய் வெளியே உட்காருகிறேன். முதல் நாள் ஒரு படிவம் கொடுத்தார்கள். உறவு என்ற கட்டத்தில் அப்பா என்று எழுதினேன். வீட்டில் யாரிடம் மனம் விட்டுப் பேசுவான் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை அவனிடமே நீட்டினேன். அவன் யோசித்துவிட்டுக் காலியாகவே விட்டுவிட்டான்.

மூன்று தடவையோடு நிற்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. நிற்கலாம், நாலாவது வரலாம் என்று ஆலோசகர் வெளிப்படையாகவே சொன்னார். ஒரு வீடு என்றால் எங்கே ஆரம்பித்து எங்கே முடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். முடிந்ததும் சான்றிதழ் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். பிள்ளைக்கு அப்படி ஒரு சான்றிதழ் எந்த நாட்டிலும் இல்லை.

தினமும் அவன் வீட்டுக்கு வந்ததும் கேட்கிறேன். இன்றைக்கு எப்படி என்பேன். "இன்னைக்கு இல்லப்பா" என்பான். பெரும்பாலும் உடனே சொல்லிவிடுவான். நேற்று உடனே சொல்லவில்லை. ஷூவின் நாடாவை அவிழ்க்கக் குனிந்தவன் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்துவிட்டு, அதன் பிறகு "இல்லப்பா" என்றான். நான் சரி என்றேன். சாப்பாடு எடுத்து வைத்தேன், சாப்பிட்டான், மோர் கேட்டு வாங்கிக் குடித்தான். மணி இப்போது ஐந்தரை. இன்னும் அரை மணி நேரத்தில் வந்துவிடுவான். இன்றைக்கும் கேட்க வேண்டும். பயமாக இருக்கிறது.